விசாரிக்கும் முன்பே வந்துவிடும் முடிவுகள்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சேறிய கதை 1887-இல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. லண்டனில் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. தரையில் உதிர்ந்திருந்த சாம்பலை அள்ளிப் பார்த்த ஹோம்ஸ், கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று போலீஸாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அந்தக் காலத்தில் திருச்சிச் சுருட்டு என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறிய சரக்கில் பெரும்பகுதிப் புகையிலை திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் விளைந்தது. ஸ்பென்சர் கம்பெனி பிற்பாடு திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆகவே, உலகத்தின் பேர்பெற்ற துப்பறிவாளர் அச்சேறிய தன் முதல் வழக்கில் மோப்பம் பிடித்தது நம்மூர்ப் புகையிலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெயர் மட்டும் திருச்சிக்குப் போய்விட்டது.

தரவு கைக்கு வருவதற்கு முன் கருத்தைக் கட்டிக்கொள்வது பெருந்தவறு என்று பின்னொரு கதையில் ஹோம்ஸே பாடம் நடத்துகிறார். சாம்பலைப் பார்த்து அவர் சொன்னது அந்தத் தவறில் சேருமா? சேராது. அவர் கையில் ஒரு தடயம் இருந்தது. அதிலிருந்து ஒரு முடிவுக்குப் போனார். நம் தருக்க நூல்கள் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அனுமானம் என்கின்றன. ஹோம்ஸ் செய்ததும் அதுதான். ஆனால் அந்த அனுமானத்தின் அடியில் அவர் வாய்விட்டுச் சொல்லாத சில விஷயங்கள் கிடக்கின்றன. சுருட்டுப் பிடித்தவனும் கொலை செய்தவனும் ஒரே ஆள். சாம்பல் அன்றைக்கு விழுந்தது. அதற்கு முன் அந்த வீட்டுக்கு வந்துபோன வேறு யாரும் அந்தச் சுருட்டைப் பிடிக்கவில்லை. இவற்றில் ஒன்று பொய்த்தாலும் துப்பு கவிழ்ந்துவிடும். கதையில் கவிழவில்லை, எழுதியவர் ஆர்தர் கானன் டாயில், அவர் கவிழ விடமாட்டார்.

ஆதாரம் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே கருத்துக் கொள்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே சொற்கள் உண்டு. அசம்ப்ஷன், பிரிசம்ப்ஷன், பிரிகன்செப்ஷன், பயஸ், பிரெஜுடிஸ். திண்டுக்கல்லில் வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளின் கையேட்டில் இவை பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒத்தபொருட் சொற்கள் என்ற தலைப்பின் கீழ் வரும். தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தச் சொற்களோடு தினமும் புழங்குகிற வக்கீல், நீதிபதி, உளவியலாளர் யாரும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. எல்லாமே முந்திக்கொள்கிற முடிவுகள்தான் என்பதால், எது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. எதிர்ச்சான்று வந்து நின்றால் அந்த முடிவு என்ன ஆகும், அதை மாற்றும் பாரம் யார் தலையில் விழும் என்று கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

முதலில் அசம்ப்ஷன். தமிழில் எடுகோள் என்கிறோம். கணக்கு வாத்தியார் "எனக் கொள்க" என்பார். வங்கித் தேர்வில் தருக்கப் பகுதியில் ஒரு கூற்றைக் கொடுத்து, அதன் பின்னால் சொல்லாமல் நிற்கும் எடுகோள் எது என்று கேட்பார்கள். "சொல்லாமல்" என்பதுதான் அங்கே முக்கியம். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முன்தினம் மல்லிகையை மொத்தமாகப் பிடிக்கிறவர், ராத்திரி மழை வராது, காலை வண்டி நேரத்துக்குக் கிளம்பும், கல்யாணங்கள் தள்ளிப்போகாது என்று பத்து விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டுதான் பணத்தை எண்ணுகிறார். இது குற்றமும் இல்லை, குறையும் இல்லை. எடுகோள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பொய்த்தால் நஷ்டம் அவருக்கே. அடுத்த முறை மாற்றிக்கொள்வார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவேலைப் பூட்டுகளில் சாவித் துவாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்துவைத்த தந்திரப் பூட்டுகளும் உண்டு. பூட்டென்றால் துவாரம் முகத்தில்தான் இருக்கும் என்று திருடன் எடுத்துக்கொள்வான். அந்த எடுகோளை நம்பித்தான் ஆசாரி பூட்டையே செய்கிறார்.

பிரிசம்ப்ஷன் வேறு சாதிச் சொல். பேச்சு வழக்கில் இதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: உரிமை இல்லாத இடத்தில் முந்திக்கொண்டு பேசுவது. முந்திரிக்கொட்டை என்று நாம் திட்டுவது இதைத்தான். ஆனால் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் இதே சொல் மரியாதைக்குரிய ஆளாகிவிடுகிறது. அங்கே இது சட்டமே அனுமதிக்கிற, சில இடங்களில் சட்டமே கட்டளையிடுகிற முன்முடிவு.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் அதன் 4-ஆம் பிரிவில் மூன்று படிகளை வைத்தது. முதல் படியில் நீதிமன்றம் ஒன்றை உண்மையென்று கொள்ளலாம். வேண்டாமென்று தோன்றினால் சான்று கேட்கலாம். இரண்டாம் படியில் கொண்டே ஆக வேண்டும், பொய்யென்று யாராவது நிரூபிக்கும்வரை. மூன்றாம் படி முடிவான சான்று. அந்தப் படியில் ஏறிவிட்டால், பொய்யென்று காட்டச் சாட்சி கொண்டுவரவே அனுமதி கிடையாது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. மூன்று படிகள் அப்படியே இருக்கின்றன.

முதல் படிக்குச் சட்டம் தரும் உதாரணம், திருட்டு நடந்த கொஞ்ச நேரத்தில் திருட்டுப் பொருளோடு பிடிபடுகிறவர். அது தன் கைக்கு எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடினார் அல்லது திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். இதோடு நிற்காமல் சட்டம் அங்கேயே எதிர் உதாரணமும் தருகிறது. அடையாளமிட்ட ஒரு ரூபாய் நாணயம் திருடு போகிறது. சற்று நேரத்தில் அது ஒரு கடைக்காரரின் கல்லாவில் கிடக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் நாள் முழுக்க அவர் கைக்கு ரூபாய் வந்துகொண்டேதானே இருக்கும்? அதையும் யோசித்துப் பார் என்று நீதிபதிக்குச் சொல்கிறது சட்டம். முன்முடிவைக் கொடுத்த கையோடு அதைச் சந்தேகிக்கும் வழியையும் எழுதிவைத்த நேர்த்தி எனக்குப் பிடிக்கும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் சறுக்கிய இடம் இந்தப் படிதான். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அரண்மனையில் சிலம்பு காணாமல் போயிருந்தது. அது வரைக்கும் சரி. "இது உனக்கு எப்படி வந்தது" என்ற கேள்வியை அரசன் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது.

இரண்டாம் படியைப் பார்க்க எந்தக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். செக் கேஸ்கள் மலிந்து கிடக்கும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988-இல் சேர்த்த அத்தியாயத்தின் 139-ஆம் பிரிவு, காசோலை வைத்திருப்பவர் அதைக் கடனுக்காகத்தான் பெற்றார் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. நூற்பாலைக்குப் பஞ்சு விற்றவரும், தோல் ஷாப்புக்கு ரசாயனம் கொடுத்தவரும், வெங்காய மண்டியில் கடனுக்குச் சரக்குப் போட்டவரும் இந்தப் பிரிவை நம்பித்தான் காசோலை வாங்குகிறார்கள். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், அவசரத்துக்கு ஃபைனான்ஸில் இருபதாயிரம் வாங்கும்போது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கில். அதில் பின்னால் இரண்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டால், கூண்டில் நிற்பவர்தான் கடன் அவ்வளவு இல்லை என்று காட்ட வேண்டும். ஆனால் ரங்கப்பா எதிர் ஸ்ரீமோகன் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. கூண்டில் நிற்பவர் துளி சந்தேகமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. அவர் சொல்வதும் நடந்திருக்கக்கூடியதே என்ற அளவுக்குக் காட்டினால் போதும். பாரம் அவர் தலையில் விழுந்ததென்னவோ உண்மை. அதை இறக்கி வைக்கவும் ஓர் இடம் இருக்கிறது.

மூன்றாம் படியைச் சட்டம் அபூர்வமாகத்தான் தொடும். திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடைய பிள்ளையே என்பது அதற்குப் பழைய உதாரணம். பிள்ளையின் தலையில் பெரியவர்களின் சண்டை விழக்கூடாது என்ற காரணத்துக்காக அங்கே கதவைச் சாத்தினார்கள். இந்தப் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்தில் இதே சொற்றொடரைப் பார்க்கப் போகிறோம்.

பிரிகன்செப்ஷனில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. போய்ப் பார்க்கும் முன்பே மனதில் வரைந்துகொண்ட படம், முன்னெண்ணம். திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, தண்ணீர்ப் பஞ்சம் என்று வெளியூரில் மூன்று படங்கள் மாட்டியிருக்கும். தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க யோசித்த காலமும் உண்டு. பூட்டுத் தொழில் அலிகார் போட்டியில் மெலிந்து வெகுகாலம் ஆகிவிட்டதும், ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு பச்சென்று நிற்பதும் வந்து பார்த்தால் தெரியும். ஹைதராபாத்துக்காரர் நம் பிரியாணித் தட்டில் பொடி அரிசியைப் பார்த்துவிட்டு, பாசுமதிக்குக் காசில்லை போலிருக்கிறது என்று நினைப்பார். சீரகச் சம்பா வாயில் பட்டதும் அந்தப் படம் கழன்று விழுந்துவிடும். முன்னெண்ணத்துக்கு ரோஷம் கிடையாது. நேரில் பார்த்ததும் பெரும்பாலும் போய்விடும். இந்தப் படங்களையே பலர் சேர்ந்து நெடுநாள் பகிர்ந்துகொண்டால் அதற்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வார்த்த ஈயத் தகட்டுக்கு அச்சகங்களில் இருந்த பெயர் அது. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-இல் வந்த தன் நூலில் அதை மனித மனதுக்குக் கொண்டுவந்தார்.

பயஸ், அதாவது சாய்வு, இந்த வரிசையில் கொஞ்சம் தனியாள். மற்றவையெல்லாம் கருத்துகள். சாய்வு கருத்தாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கருத்து உருவாகும் விதத்திலேயே ஒரு கோணல். அதனால்தான் சாய்வுள்ளவரிடம் போய்க் கேட்டால் தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நெஞ்சாரச் சொல்வார். பொய் சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாது. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10-இலோ 65-இலோ நிற்கும்படி முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை இருக்கும் என்று கேட்பார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் விடை 25-ஐ ஒட்டியும், 65-ஐப் பார்த்தவர்களின் விடை 45-ஐ ஒட்டியும் வந்தது. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இழுத்தது. ஜவுளிக் கடையில் முதல் விலையை ஏற்றிச் சொல்கிறவருக்கு இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

இன்னொரு சோதனை பீட்டர் வேசன் 1960-இல் செய்தது. 2, 4, 6 என்று மூன்று எண்கள். இவற்றுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். பெரும்பாலோர் 8, 10, 12 என்றார்கள். 20, 22, 24 என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் "பொருந்துகிறது" என்று பதில் வந்தது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று அடித்துச் சொன்னார்கள். தப்பு. வேசன் வைத்திருந்த விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும். 5, 9, 70 என்றோ 6, 4, 2 என்றோ கேட்டுப் பார்த்திருந்தால் வழி தெரிந்திருக்கும். தன் கருத்துக்கு ஆமாம் போடும் கேள்வியை மட்டுமே கேட்டார்கள்; இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. இதைப் பின்னால் வரும் ஒரு கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சாய்வு உள்ளே இருப்பதால் அதை வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியும். கிரைபக் வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வழி கண்டது. ஜம்மு காஷ்மீர் வனத்துறையில் பதவிக்குப் போட்டியிட்ட அதிகாரி ஒருவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து போனார்; போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்துகொண்டார். அவர் மனதில் சாய்வு இருந்ததா என்று தோண்டத் தேவையில்லை, இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்றாலே போதும் என்று சொல்லித் தேர்வையே ரத்து செய்தது நீதிமன்றம்.

மிச்சம் இருப்பது பிரெஜுடிஸ். ஜேன் ஆஸ்டனின் 1813 நாவலால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். லத்தீனில் இது நீதிமன்றத்தில்தான் பிறந்தது. முன்பே வழங்கப்பட்ட தீர்ப்பு என்று பொருள். பிறகு அப்படி வழங்கியதால் ஒருவருக்கு விளையும் தீங்கையும் குறித்தது. நம் வக்கீல் நோட்டீஸ்களின் தலையில் இன்றும் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று அடிப்பார்கள். சமரசம் பேசுவதால் என் கட்சிக்காரரின் உரிமைக்குப் பங்கம் வராது என்று அர்த்தம். ஆக, தீங்கு என்பது இந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. மற்ற முன்முடிவுகள் நினைக்கிறவருக்கே நஷ்டம் வைக்கலாம். இது நினைக்கப்படுகிறவருக்கு வைக்கும். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில் பிரித்துக் காட்டிய கோடு நம் கேள்விக்கு நேராக வருகிறது. புது விவரம் தெரிந்தும் திருத்திக்கொள்ள மறுக்கும்போதுதான் முன்கூட்டிய கருத்து பிரெஜுடிஸ் ஆகிறது.

திண்டுக்கல் சமவெளியில் இது நடந்திருக்கிறது. 1985-இல் தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் ஒரு பகுதி. அங்கே ஊர்க்காவல் என்பது பழைய ஏற்பாடு. கள்ளர் சமூகத்தவர் பல ஊர்களில் காவல்காரர்களாக இருந்தார்கள். அறுவடையில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். மாடு களவு போனால் மீட்டுத் தர வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. 1859-இல் சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் வந்தபின் அந்தக் காவலுக்குச் சர்க்கார் கணக்கில் மரியாதை இல்லாமல் போனது. ஊர்க் கணக்கில் அது தொடர்ந்தது. காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வருவதும் நடந்தன. சம்சாரிகளுக்கு நிஜமாகவே எரிச்சல் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் கதை பாதிதான்.

1896-இல் எரிச்சல் வெடித்தது. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். களவு போன மாட்டுக்கு ஈடு கட்டப் பொது நிதி சேர்த்தார்கள். ஃபண்டு என்ற ஆங்கிலச் சொல் ஊர் வாயில் பண்டு ஆகி, கலகத்துக்கே பண்டுக் கலகம் என்று பெயர் வந்தது. இதில் அதிகம் கொதித்தது திண்டுக்கல் தாலுகா. காவல்காரக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டன; குடியிருப்புகளுக்குத் தீ வைத்தார்கள். 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியரில் இந்த விவரம் இருக்கிறது. இந்த நூற்றாண்டில் மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நம் சொற்களை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மாடு போனால் காவல்காரனைக் கேள் என்பது அனுபவத்தில் விளைந்த ஊகம், முதல் படி. இந்தக் காவல்காரன் திருட்டுக்குத் துணைபோகிறான் என்பது ஒரு குற்றச்சாட்டு; சரியாகவும் இருக்கலாம். இந்தச் சாதியில் பிறந்தவர் யாரும் இங்கே இருக்கக்கூடாது என்றபோது கருத்தின் இனமே மாறிவிட்டது. அன்றைக்கு வெளியேறியவர்களில் மாட்டைத் தொடாதவர் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் முடிவை மாற்றியிருக்காது.

இது ஊர் செய்தது. சர்க்கார் செய்தது இதைவிட விசித்திரம். 1871-இல் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது அரசின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அடுத்த ஆண்டு வந்த சாட்சியச் சட்டத்தை வரைந்தவரும் அவரே. ஒரு சட்டத்தில் கல்லாவில் கிடந்த ரூபாய்க்காகக் கடைக்காரரைச் சந்தேகிக்க அவ்வளவு தயக்கம். மற்றதில், ஒரு கூட்டத்தார் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று மாகாண அரசு நம்பக் காரணம் இருந்தால் போதும். மேலிட ஒப்புதலோடு கெசட்டில் அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது. அந்தக் கூட்டத்தாருக்குச் சட்டம் பொருந்தும் என்பதற்கு அறிவிப்பே முடிவான சான்று. பிள்ளையின் மானத்தைக் காக்க வைத்திருந்த மூன்றாம் படியை, பிறக்கப்போகும் பிள்ளையையும் குற்றவாளியாக்கப் பயன்படுத்தினார்கள். பிரெஜுடிஸுக்குச் சட்டத்தில் பிரிசம்ப்ஷன் வேஷம் கட்டி, பொய்யென்று காட்டும் வழியையும் அடைத்தாயிற்று.

1871 சட்டம் முதலில் வட இந்தியாவுக்குத்தான். 1911 சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1910-களின் நடுவில் தொடங்கி மதுரை மாவட்டப் பிறமலைக் கள்ளர்மேல் படிப்படியாக விரிந்தது. குறவர், மறவர் என்று பட்டியல் நீண்டது. மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜர் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தவர்களில் ஒருவர்.

வேசனின் 2, 4, 6 இங்கேதான் வருகிறது. ஆஜர் சொல்லத் தவறுவதும் சீட்டில்லாமல் பக்கத்து ஊருக்குப் போவதும் அந்தச் சட்டப்படி குற்றம். அக்காள் வீட்டுச் சடங்குக்குப் போய் விடிந்து வந்தவனுக்கும் தண்டனை. அந்தத் தண்டனை பதிவேட்டில் ஏறும். பதிவேட்டைப் புரட்டுகிற அடுத்த துரை, இந்தச் சாதியில் தண்டனை பெற்றவர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, நாம் நினைத்தது சரிதான் என்பார். கண்காணித்தது ஒரே கூட்டத்தை. கிடைத்த குற்றமும் அந்தக் கூட்டத்தில்தான். எதிர்க்கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது. இதற்குப் பிறகு எவ்வளவு விவரம் சேர்ந்தாலும் கருத்து திருந்தாது, ஏனென்றால் விவரத்தை உற்பத்தி செய்வதே கருத்துதான். இன்று கணினியை வைத்துக் குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறைகளைப் பற்றி அமெரிக்காவில் நடக்கும் வாதமும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முன்முடிவையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் திட்டுவதும் சரியல்ல. ஜெர்மானியத் தத்துவவாதி காடமர் 1960-இல் எழுதிய நூலில், முன்முடிவே இல்லாமல் ஒன்றைப் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையே ஒரு முன்முடிவு என்ற அளவுக்குப் போகிறார். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நான் ஒப்புக்கொள்வேன். மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஒன்றை நினைத்துத்தான் நாடியைப் பிடிக்கிறார். ஆனால் அவருக்குப் பரிசோதனை அறிக்கை வரும். 1920-இல் ரேகை வைத்தவனுக்கு அப்படி ஓர் அறிக்கை வர வழியே இல்லை. திருக்குறளும் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. ஒருவரை நம்புவதற்கு முன் ஆராயச் சொல்வதோடு, ஆராய்ந்த பின்னும் ஐயப்படுவதைத் தவறென்கிறது. அதிகமாகப் பேசப்படாதது இரண்டாவது பாதி.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் நெடுநாள் போராடியதன் விளைவு அது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் முடிவுக்கு வந்தது. அதற்குள்ளேயே 1948-இல் சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிவிட்டது. சாதியை விட்டுத் தனி ஆளின் முந்தைய தண்டனைகளைப் பார்க்கும் சட்டம் அது. கோட்பாட்டில் பெரிய முன்னேற்றம். பிரெஜுடிஸ் இறங்கிப் பிரிசம்ப்ஷனுக்கு வந்தது என்று சொல்லலாம். நடைமுறையில் பழைய பட்டியலில் இருந்தவர்களையே புதிய சட்டமும் தேடிப் போனது என்பது நாடெங்கும் உள்ள புகார். சிறைக் கையேடுகளில் பழைய வாடை 2024 வரை இருந்தது. சுகன்யா சாந்தா வழக்கில் அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளையும், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைப் பழக்கத்தால் குற்றவாளிகள் என்று கொள்ளும் விதிகளையும் ரத்து செய்தது.

பெயர்ச் சண்டை வேறு விதமாகத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 1979-இல் சீர்மரபுப் பழங்குடியினர் என்ற பெயர் சீர்மரபினர் வகுப்பு என்று மாறியது; 2019-இல் மாநிலச் சலுகைக்கு ஒரு பெயரும் மத்திய அரசுத் திட்டத்துக்கு இன்னொரு பெயருமாகச் சான்றிதழ் தர ஆணை வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களில் மட்டும் கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் கிட்டத்தட்ட 300 நடக்கின்றன. கைரேகைச் சட்டக் காலத்தில் அந்தச் சமூகத்தைத் திருத்துவதற்கென்று சர்க்கார் தொடங்கிய ஏற்பாட்டின் தொடர்ச்சி. 2024 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், இந்தப் பள்ளிகளைப் பொதுக் கல்வித் துறையில் சேர்த்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. சமூகத்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. வெளியிலிருந்து பார்த்து, சாதிப் பெருமைக்காகக் கத்துகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நிறைய. அவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிகளின் நிலமும் கட்டடமும் வந்த வழியையும், விடுதிகளில் இப்போது யார் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் விசாரித்தார்கள் என்பது வேறு கேள்வி. எதிர்த்தவர்களும் குழு அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் தெருவுக்கு வந்தார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இரண்டு பக்கத்துக்கும்.